அலுவலகக் கணினிகளில் ஸ்மார்ட் கார்டு லாகின்: முதல் பட்டியல் முதல் கடைசிக் கார்டு வரை

கடலூர் சிப்காட் பக்கம் ஒரு தொழிற்சாலையிலும் புதுச்சேரியில் இரண்டு அலுவலகங்களிலும் பாஸ்வேர்டுக்குப் பதில் கார்டைச் செருகிக் கணினியைத் திறக்கும் ஏற்பாட்டைச் செய்து முடித்திருக்கிறேன். புதிதாகச் செய்பவர்கள் தடுக்கி விழும் இடம் மூன்றிலும் ஒன்றாகவே இருந்தது. கார்டும் ரீடரும் வந்து இறங்கியதும் பெட்டியைப் பிரித்து, அன்றைக்கே ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். இந்த வேலையில் கார்டு கடைசியாக வர வேண்டியது. ஒருவர் கார்டைத் தொலைத்துவிட்டால் என்ன செய்வோம், சர்வர் படுத்துவிட்டால் யார் எப்படி உள்ளே போவோம் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தயாரான பிறகுதான் முதல் கார்டைக் கையில் கொடுக்க வேண்டும். கீழே உள்ள வரிசை அந்தக் கணக்கில் போட்டது.

விண்டோஸ் ஆக்டிவ் டைரக்டரி டொமைன், அதாவது எல்லார் கணக்கையும் கணினியையும் மையமாக நிர்வகிக்கும் அமைப்பு, ஓடும் இடங்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். நம் பக்கத்து நடுத்தர நிறுவனங்களில் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது.

1. கையில் இருக்கும் கார்டு எந்த வகை என்று பாருங்கள்

"வருகைப் பதிவுக்கு ஏற்கெனவே கார்டு இருக்கே, அதையே கம்ப்யூட்டருக்கும் வைத்துக்கொள்ளலாமே" என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள். முடியாது. கதவிலும் வருகை மிஷினிலும் காட்டும் பழைய கார்டுகள் பல 125 கிலோஹெர்ட்ஸ் வகை. அவை தங்கள் எண்ணைச் சொல்வதோடு சரி. எண்ணைக் கேட்டு இன்னொரு கார்டில் எழுதும் கருவி மலிவாகக் கிடைக்கிறது. 13.56 மெகாஹெர்ட்ஸ் கார்டுகளிலும் மைஃபேர் கிளாசிக் வகையின் பூட்டு 2008-லேயே உடைக்கப்பட்டுவிட்டது.

நமக்கு வேண்டியது ஏடிஎம் கார்டு போலத் தங்க நிறச் சிப் தெரியும் கார்டு. அதன் உள்ளேயே ஒரு ரகசியச் சாவி உருவாகிறது, அது கார்டை விட்டு வெளியே வருவதே இல்லை. சர்வர் ஒரு கேள்வி அனுப்பும், கார்டு அந்தச் சாவியால் கையெழுத்திட்டுப் பதில் தரும். அந்தச் சாவி இன்னாருடையது என்று சொல்லும் டிஜிட்டல் சான்றிதழும் கார்டில் இருக்கும். பின் நம்பர் கார்டைத் திறப்பதற்கு மட்டும்தான், அது நெட்வொர்க்கில் சர்வருக்குப் போவதில்லை. அதனால் பின் நம்பரை மட்டும் எட்டிப் பார்த்தவராலும் ஒன்றும் செய்ய முடியாது, கார்டை மட்டும் எடுத்தவராலும் முடியாது.

ஜிஎஸ்டி தாக்கலுக்கும் டெண்டருக்கும் வைத்திருக்கும் டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ்) டோக்கனைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் தொழில்நுட்பம் இதேதான், யுஎஸ்பி வடிவத்தில். ஆனால் அதை லாகினுக்குப் பயன்படுத்தாதீர்கள். அது சட்டப்படி ஒருவரின் கையெழுத்து. அதைத் தினமும் எல்லார் மேசையிலும் செருகி வைப்பது ஆபத்து. தவிர, நம் டொமைன் எதிர்பார்க்கும் பயனர் பெயர் அந்தச் சான்றிதழில் இருக்காது.

இன்னொன்று. டிஎஸ்சி டோக்கனைப் பின் நம்பரோடு சேர்த்து ஆடிட்டர் அலுவலகத்தில் கொடுத்து வைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதே பழக்கத்தோடு ஊழியர்கள் லாகின் கார்டையும் கைமாற்றுவார்கள். முதல் கூட்டத்திலேயே இதைப் பேசிவிடுங்கள்.

2. பாஸ்வேர்டு எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று பட்டியல் எடுங்கள்

இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். அவசரப்பட்டு இரண்டு மணி நேரத்தில் முடித்தால் பின்னால் இரண்டு மாதம் அலைவீர்கள்.

ஒவ்வொரு கணினியிலும் என்ன விண்டோஸ் என்று பாருங்கள். ஹோம் எடிஷன் டொமைனில் சேராது. கடையில் வாங்கிய லேப்டாப்புகளில் இது அடிக்கடி அகப்படும். புரோ எடிஷனுக்கு மாற்றும் செலவை இப்போதே கணக்கில் எழுதுங்கள்.

அப்புறம், ஆள் இல்லாமல் பாஸ்வேர்டைப் பயன்படுத்தும் இடங்கள். ஸ்கேன் செய்ததை நேராக ஃபோல்டரில் போடும் ஜெராக்ஸ் மிஷின், இரவில் பேக்கப் எடுக்கும் நிரல், வருகை மிஷினிலிருந்து தகவல் இழுக்கும் மென்பொருள் போன்றவை. இவற்றில் யாரோ ஒரு ஊழியரின் பெயரும் பாஸ்வேர்டும்தான் போட்டிருக்கும். அந்த ஊழியருக்குக் கார்டு கட்டாயம் என்று நாம் டிக் அடித்த நொடியில், விண்டோஸ் அவர் பாஸ்வேர்டை யாருக்கும் தெரியாத ஒன்றாக மாற்றிவிடும். ஸ்கேனர் நின்றுவிடும், காரணம் யாருக்கும் புரியாது. இவை ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு உண்டாக்கி, தேவையான ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுத்து மாற்றிவிட்டு மேலே போங்கள்.

ஷிஃப்டில் பலர் மாறி மாறி உட்காரும் கணினிகளைத் தனியாகக் குறியுங்கள். 10-ம் படியில் அவை வரும்.

3. கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்

டொமைனில் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறையில் சர்வருக்கும் கணினிக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் லாகின் நடக்காது. சான்றிதழுக்கும் தொடங்கும் தேதி, முடியும் தேதி உண்டு.

தொழிற்சாலையின் எடைமேடை அறையில் ஒரு பழைய கணினி. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் அதில் தேதி பல ஆண்டு பின்னால் போய்விடும். மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. நேற்று கொடுத்த கார்டு அந்தக் கணினிக்கு "இன்னும் செல்லுபடியாகாத" கார்டு. கார்டை மாற்றி, ரீடரை மாற்றி, ஒரு நாள் முழுக்க ஓடியது. சில ரூபாய் பேட்டரி. எல்லாக் கணினியிலும் இதை முதலில் பாருங்கள், பிறகு லாகினைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரை ஒரு நம்பகமான நேர சர்வரோடு இணையுங்கள்.

4. சான்றிதழ் சர்வரை அமையுங்கள்

கார்டுக்குள் போகும் சான்றிதழைக் கொடுப்பது இந்த சர்வர். இரண்டு அடுக்காக அமையுங்கள். மேலே மூலச் சர்வர். அதை நெட்வொர்க்கில் இணைக்காமல் அணைத்தே பூட்டி வைப்போம். கீழே, அன்றாடம் சான்றிதழ் கொடுக்கும் சர்வர். கீழே உள்ளது கெட்டாலும் களவு போனாலும் மூலத்தைக் கொண்டு புதிதாக ஒன்றைக் கட்டலாம். ஒரே அடுக்காக இருந்தால் எல்லாக் கார்டையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

டொமைன் கன்ட்ரோலரிலேயே இதை நிறுவிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். பின்னால் ஒன்றை மாற்ற நினைத்தால் மற்றதும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

சர்வரின் சாவியையும் தரவுத்தளத்தையும் பேக்கப் எடுத்து, கட்டடத்துக்கு வெளியே ஒரு பிரதி வையுங்கள். 2015 வெள்ளத்தைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தரைத்தளத்து அலமாரி பாதுகாப்பான இடம் ஆகாது.

5. ரத்துப் பட்டியல்: நேரம் முழுவதும் இங்கே செலவழியுங்கள்

தொலைந்த கார்டுகளின் சான்றிதழ் எண்களைச் சான்றிதழ் சர்வர் ஒரு பட்டியலாக வெளியிடும். ஒவ்வொரு லாகினிலும் டொமைன் கன்ட்ரோலர் அந்தப் பட்டியலைப் பார்க்கும். பட்டியலுக்கும் காலாவதித் தேதி உண்டு. பட்டியல் கிடைக்காவிட்டாலோ காலாவதியாகியிருந்தாலோ, டொமைன் கன்ட்ரோலர் நல்ல கார்டையும் சேர்த்தே மறுத்துவிடும். கார்டு, பின் நம்பர், ரீடர் எல்லாம் சரியாக இருக்க, ஒரு காலையில் அலுவலகம் முழுக்க வெளியே நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

விண்டோஸ் தானாக வைக்கும் அமைப்பில் முழுப் பட்டியல் வாரம் ஒருமுறையும், இடைப்பட்ட சிறு பட்டியல் தினமும் வெளியாகும். நம் ஊருக்கு இது பொருந்தாது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது கடலூரில் மின்சாரம் எத்தனை நாள் இல்லை என்று நினைத்துப் பாருங்கள். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதும் வெள்ளமும் மின்தடையும் சேர்ந்தே வந்தன. வெளியிடும் நாளுக்கு முந்தின நாள் சான்றிதழ் சர்வர் நின்றால், மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ யாரும் உள்ளே போக முடியாது.

நான் வைப்பது இப்படி. முழுப் பட்டியல் வாரம் ஒருமுறை வெளியாகட்டும், ஆனால் அதன் மேல்நீட்சியை, அதாவது அடுத்தது வெளியாக வேண்டிய நாளுக்குப் பிறகும் பழையது செல்லும் காலத்தை, 5 நாள் என்று மாற்றி, ஆயுள் மொத்தம் 12 நாள் ஆக்கிவிடுகிறேன். சர்வர் எந்த நாளில் நின்றாலும் குறைந்தது 5 நாள் கையில் இருக்கும். தினமும் வரும் சிறு பட்டியலை நிறுத்திவிடுகிறேன். இருநூறு பேர் இடத்தில் அதற்குத் தேவையே இல்லை, தகராறு மட்டும் தரும்.

ஆயுளைக் கூட்டினால், தொலைந்த கார்டு ரத்தான செய்தி மெதுவாகத்தானே போய்ச் சேரும் என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அதனால்தான் தொலைந்த கார்டை நிறுத்தப் பட்டியலை மட்டும் நம்பக் கூடாது. 12-ம் படியில் அதற்கு வேறு வழி இருக்கிறது.

பட்டியலைச் சாதாரண வெப் முகவரியில் வையுங்கள், அந்த வெப் சர்வர் சான்றிதழ் சர்வரிலேயே இருக்க வேண்டாம். முகவரி ஒவ்வொரு சான்றிதழுக்குள்ளும் எழுதப்பட்டுவிடும். பிறகு மாற்றினால் பழைய கார்டுகள் பழைய முகவரியைத்தான் தேடும். எனவே குறிப்பிட்ட சர்வரின் பெயரைப் போடாமல், வேறு மிஷினுக்குத் திருப்பக்கூடிய பொதுப் பெயர் ஒன்றைப் போடுங்கள்.

அணைத்து வைத்த மூலச் சர்வருக்கும் ஒரு ரத்துப் பட்டியல் உண்டு. இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆயுள் வைத்திருப்போம், அதற்குள் சர்வரை எடுத்து இயக்கி, புதுப் பட்டியலை எடுத்து வெளியிட வேண்டும். மூன்று பேர் கேலண்டரில், காலாவதிக்கு ஒரு மாதம் முன்னால் நினைவூட்டல் போடுங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போனாலும் மற்ற இருவருக்கு அது வரும்.

துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதும் நான் செய்யும் முதல் வேலை, பட்டியலைக் கையால் புதிதாக வெளியிடுவது. இரண்டு நிமிட வேலை. புதிதாக 12 நாள் கிடைத்துவிடும்.

6. டொமைன் கன்ட்ரோலருக்கும் சான்றிதழ், கார்டுக்கு டெம்ப்ளேட்

கார்டு தன்னை நிரூபிப்பது போல டொமைன் கன்ட்ரோலரும் தன்னைக் கணினிக்கு நிரூபிக்க வேண்டும். கெர்பரோஸ் ஆதென்டிகேஷன் என்ற டெம்ப்ளேட்டில் (சான்றிதழில் என்னென்ன இருக்கும் என்று சொல்லும் மாதிரி) ஒவ்வொரு டொமைன் கன்ட்ரோலருக்கும் சான்றிதழ் கொடுங்கள். இரண்டு இருந்து ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால், லாகின் ஒருநாள் நடக்கும், ஒருநாள் நடக்காது. கண்டுபிடிக்க மிகக் கஷ்டமான கோளாறு இது.

பிறகு ஸ்மார்ட் கார்டு லாகின் டெம்ப்ளேட்டைப் பிரதி எடுத்து உங்களுடையதை உருவாக்குங்கள். சாவி 2048 பிட்டுக்குக் குறையக் கூடாது. பயனர் பெயரை ஆக்டிவ் டைரக்டரியிலிருந்து எடுக்கும்படி வையுங்கள். விண்ணப்பிப்பவரே பெயரைக் கொடுக்கலாம் என்று ஒரு தேர்வு இருக்கும், அதைத் தொடவே தொடாதீர்கள். அது திறந்திருந்தால் சாதாரண ஊழியர் ஒருவர் அட்மின் பெயரை எழுதிச் சான்றிதழ் வாங்கி, அட்மினாகவே உள்ளே போய்விடலாம்.

2022 மே மாதத்துக்கு முன் கட்டிய பழைய சான்றிதழ் சர்வர் ஏற்கெனவே இருந்தால், அதை அப்டேட் செய்த பிறகே கார்டு கொடுங்கள். அந்த மாத அப்டேட்டிலிருந்து சான்றிதழுக்குள் பயனரின் பாதுகாப்பு அடையாள எண்ணும் சேர்கிறது. 2025 பிப்ரவரி அப்டேட் போட்ட டொமைன் கன்ட்ரோலர்கள் பெயரை மட்டும் வைத்து ஆளை ஏற்காமல், இப்படிப்பட்ட உறுதியான இணைப்பை எதிர்பார்க்கின்றன.

மெயிலைப் பூட்டி அனுப்பும் எண்ணம் இருந்தால் அதற்குத் தனிச் சான்றிதழ் வையுங்கள். லாகின் சாவிக்குப் பிரதி இருக்கவே கூடாது. பூட்டும் சாவிக்குப் பிரதி இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கார்டு தொலையும் நாளில் பழைய மெயில் எல்லாம் சேர்ந்து போகும்.

7. அவசரக் கணக்குகள்

இரண்டு அட்மின் கணக்குகளைக் கார்டு இல்லாமல், நீளமான பாஸ்வேர்டோடு வையுங்கள். பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி, உறையில் ஒட்டி, ஒன்றை நிர்வாகியின் பெட்டகத்திலும் இன்னொன்றை வேறு கட்டடத்திலும் வையுங்கள். யார் எப்போது திறந்தாலும் மறுநாள் பாஸ்வேர்டை மாற்றி உறையைப் புதுப்பிக்க வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கார்டு கட்டாயம் என்பதைக் கணினிக்குப் போடும் பாலிசியாக (டொமைனிலிருந்து கணினிகளுக்குப் போகும் விதி) வைத்தால், அந்தக் கணினியில் உட்காரும் எல்லாருக்கும் அது பொருந்தும், அவசரக் கணக்குக்கும் சேர்த்து. எனவே ஒரு கணினியையாவது அந்தப் பாலிசிக்கு வெளியே விட்டு, பூட்டிய சர்வர் அறைக்குள் வையுங்கள். உறையைத் திறந்து அந்தக் கணினியில் ஒருமுறை லாகின் செய்து பார்த்தீர்களா? பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

8. இப்போது கார்டும் ரீடரும் வாங்குங்கள்

முதலில் ஐந்து கார்டு, மூன்று ரீடர் மட்டும். ரீடர் சிசிஐடி வகையாக இருக்கட்டும். அதற்கு விண்டோஸிலேயே டிரைவர் இருக்கிறது. கார்டுக்கு, அதைத் தயாரித்தவர்களின் மினிடிரைவர் (கார்டோடு விண்டோஸைப் பேச வைக்கும் சிறு மென்பொருள்) உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெளியூர் போகும் விற்பனைப் பிரிவினருக்குக் கார்டையும் ரீடரையும் விட யுஎஸ்பி டோக்கன் வசதி.

முழு ஆர்டர் போடும்போது ஆள் கணக்குக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள். கடற்காற்றில் உப்பும் ஈரமும் அதிகம். ரீடருக்குள் இருக்கும் தொடுமுனைகள் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களை விட இங்கே சீக்கிரம் மங்குகின்றன என்பது என் அனுபவம். சர்வர் அறையைத் தவிர எங்கும் ஏசி இல்லாத இடமென்றால் உதிரி ரீடர் கட்டாயம் வேண்டும்.

9. கார்டு கொடுக்கும் மேசை

கார்டு கொடுக்கும் அதிகாரம் ஒருவர் அல்லது இருவரிடம் மட்டும் இருக்கட்டும். பிறர் சார்பில் சான்றிதழ் வாங்கும் சிறப்புச் சான்றிதழ் ஒன்று இவர்களுக்குத் தேவைப்படும். அதை வைத்து யார் பெயரிலும் கார்டு செய்யலாம். ஆகவே அதையும் ஒரு கார்டுக்குள் வைத்து, வேலை முடிந்ததும் பெட்டகத்தில் பூட்டுங்கள்.

ஊழியரை எதிரில் உட்கார வைத்து, அடையாளம் பார்த்து, பிறகு செய்யுங்கள். புதுக் கார்டில் தயாரிப்பாளர் வைத்த பின் நம்பரும் அட்மின் சாவியும் ஊருக்கே தெரிந்தவை. அட்மின் சாவியைக் கார்டுக்கு ஒன்றாக மாற்றிப் பதிவு செய்துகொள்ளுங்கள். பின் நம்பர் பூட்டிக்கொண்டால் திறக்க அதுதான் வழி. பின் நம்பரை ஊழியரே அழுத்தட்டும், நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். குறைந்தது ஆறு இலக்கம் இருக்கட்டும், பிறந்த தேதி வேண்டாம், ஏடிஎம் எண்ணும் வேண்டாம்.

கொடுக்கும்போது வாயால் சொல்ல வேண்டியவை மூன்று. தப்பான எண்ணைச் சில முறை அழுத்தினால் கார்டு பூட்டிக்கொள்ளும், சந்தேகம் வந்தால் நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். கழுத்துக் கயிற்றுக்காகக் கார்டில் ஓட்டை போடாதீர்கள். கதவுக்கும் சேர்த்து வரும் கார்டில் ஓரத்தைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள் ஓடுகிறது, பஞ்ச் அதை அறுத்துவிடும். மூன்றாவது லேமினேஷன்.

புதுச்சேரி அலுவலகத்தில் கணக்குப் பிரிவு மேடம் ஒருவர் மறுநாளே வந்தார். "தம்பி, கார்டு அழுக்காகக் கூடாதுன்னு கடையில குடுத்து லேமினேஷன் பண்ணிட்டேன். இப்ப மிஷின் எடுக்கவே மாட்டேங்குது." சிப்பின் மேல் பிளாஸ்டிக் மூடியிருந்தது, சூட்டில் கார்டும் லேசாக வளைந்திருந்தது. தவறு அவருடையது இல்லை. ரேஷன் கார்டு, ஆதார் என்று எல்லாவற்றையும் லேமினேஷன் செய்தே பழகியவர், நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து கார்டை ஒரு கெட்டி உறையில் போட்டே கொடுக்கிறேன்.

10. ஐந்து பேரோடு இரண்டு வாரம், பிறகு பூட்டு, பிறகு கட்டாயம்

ஐந்து பேரில் ஐடி ஆள் ஒருவர் போதும். கணக்குப் பிரிவில் ஒருவர், ஷிஃப்ட் பொறுப்பாளர் ஒருவர், வெளியூர் போகும் ஒருவர், கம்ப்யூட்டர் என்றாலே தயங்கும் ஒருவர் இருக்கட்டும். கடைசியாகச் சொன்னவரிடம்தான் உங்கள் விளக்கத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தெரியும்.

இந்த இரண்டு வாரம் கார்டு, பாஸ்வேர்டு இரண்டும் வேலை செய்யட்டும். குறை எல்லாம் தீர்ந்த பிறகு, கார்டை உருவினால் திரை பூட்டிக்கொள்ளும் பாலிசியைப் போடுங்கள். பாலிசியை மட்டும் போட்டுவிட்டு, ஸ்மார்ட் கார்டு ரிமூவல் பாலிசி என்ற சர்வீஸை (பின்னணியில் ஓடும் விண்டோஸ் நிரல்) தானாகத் தொடங்கும்படி மாற்ற மறந்துவிடுவார்கள். அது ஓடாவிட்டால் கார்டை உருவினாலும் திரை திறந்தே இருக்கும்.

ரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2-ம் படியில் குறித்த ஷிஃப்ட் கணினிகளில், ரியாக்டரின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் பார்க்கும் கன்ட்ரோல் ரூம் திரைகளில் இந்தப் பூட்டைப் போடாதீர்கள். அலாரம் அடிக்கும் நேரத்தில் ஆபரேட்டர் பின் நம்பர் அழுத்திக்கொண்டிருக்கக் கூடாது. அங்கே அறையின் கதவுக்குக் கார்டு வையுங்கள், திரையைத் திறந்தே விடுங்கள், அந்தக் கணினிகளை அலுவலக நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வையுங்கள். பாதுகாப்பு என்றால் எனக்கு முதலில் ஆள் பத்திரமாக வீடு திரும்புவது, பிறகுதான் தகவல்.

கடைசியில்தான் கட்டாயம். ஒவ்வொரு பயனருக்கும் கார்டு கட்டாயம் என்று டிக் அடிக்கும் முறையையே நான் விரும்புகிறேன், பிரிவு பிரிவாகப் போகலாம் என்பதால். டிக் அடித்தால் பாஸ்வேர்டு மறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம், அதிலிருந்து கணக்கிட்ட ஹாஷ் என்ற குறியீடு உள்ளே மாறாமல் அப்படியே இருக்கும். டொமைன் விண்டோஸ் சர்வர் 2016 நிலையில் இருந்தால் அது காலாகாலத்தில் தானாக மாறும்படி ஓர் அமைப்பு உண்டு, அதை இயக்குங்கள். அதற்குக் கீழே என்றால் அவ்வப்போது டிக்கை எடுத்து மறுபடி போடுங்கள், புதிதாக ஒன்று உருவாகிவிடும்.

11. வைஃபையும் விபிஎன்னும்

வைஃபைக்கும் ஊழியரின் கார்டையே வைத்தால் ஒரு சிக்கல் வரும். லாகின் செய்ய டொமைன் கன்ட்ரோலரை எட்ட வேண்டும், எட்ட வைஃபை வேண்டும், வைஃபை கிடைக்க லாகின் வேண்டும். எனவே நெட்வொர்க்கில் சேரக் கணினிக்கு ஒரு சான்றிதழும், ஆளுக்குக் கார்டும் என்று பிரித்துவிடுங்கள். வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வரும் விபிஎன்னுக்கு ஆளின் கார்டு சரியாகப் பொருந்தும்.

வெளியூர் போகிறவர் கிளம்பும் முன், அலுவலகத்துக்குள் ஒருமுறையாவது அந்த லேப்டாப்பில் கார்டு போட்டு லாகின் செய்திருக்க வேண்டும். அந்த நினைவில்தான் இணையம் இல்லாத இடத்திலும் அது திறக்கும்.

12. கார்டு தொலைந்த நாள்

செய்யும் வரிசையைச் சுவரில் ஒட்டுங்கள். முதலில் ஆக்டிவ் டைரக்டரியில் அவர் கணக்கை முடக்குங்கள். இது உடனே வேலை செய்யும். இரண்டாவது, சான்றிதழை ரத்து செய்து, ரத்துப் பட்டியலைக் கையால் வெளியிடுங்கள். மூன்றாவது, டொமைன் கன்ட்ரோலர் பழைய பட்டியலைத் தன்னிடம் சேமித்து வைத்திருக்கும், 12 நாள் வரை அதையே பார்த்துக்கொண்டிருக்கும். விண்டோஸின் certutil என்ற கட்டளையால் அந்தச் சேமிப்பு செல்லாது என்று ஒவ்வொரு டொமைன் கன்ட்ரோலரிலும் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் புதுக் கார்டு கொடுத்துக் கணக்கைத் திறக்க வேண்டும். மூன்றாவதைத் தவறவிட்டுக் கணக்கைத் திறந்தால் தொலைந்த கார்டும் கூடவே திறந்துகொள்ளும்.

வீட்டில் மறந்து வைத்துவிட்டு வருபவருக்கு ஒரு நாள் கார்டு கொடுங்கள், சான்றிதழின் ஆயுளும் ஒரு நாள்தான். "இன்னிக்கு மட்டும் என் கார்டுல பண்ணிக்க" என்று பக்கத்து மேசைக்காரர் இரக்கப்படுவதை நிறுத்த வேறு வழி இல்லை. தொலைந்ததை உடனே சொன்னவரைத் திட்டாதீர்கள். ஒருவரைத் திட்டினால் அடுத்தவர் மூன்று நாள் மறைப்பார்.

13. "கார்டு எடுக்கல சார்" என்றால் பார்க்கும் வரிசை

அதே கார்டை வேறு கணினியில் போடுங்கள். அங்கே வேலை செய்தால் கார்டில் கோளாறு இல்லை. வேறு கார்டை இந்தக் கணினியில் போடுங்கள். அதுவும் எடுக்காவிட்டால் ரீடரோ விண்டோஸின் ஸ்மார்ட் கார்டு சர்வீஸோதான். சிப்பை உலர்ந்த மென்மையான துணியால் துடையுங்கள், போகாத கறைக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு. சட்டை நுனி, அழிரப்பர் இரண்டும் வேண்டாம்.

பின் நம்பர் கேட்கும் வரை வந்து அதன் பிறகு மறுத்தால் கார்டை விட்டுவிடுங்கள். கடிகாரம், ரத்துப் பட்டியலின் தேதி, டொமைன் கன்ட்ரோலரின் சான்றிதழ் என்ற வரிசையில் பாருங்கள். ஒருவருக்கு மட்டும் என்றால் அவர் சான்றிதழ். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் என்றால் பெரும்பாலும் 5-ம் படி.

14. புதுப்பித்தலும் திரும்பப் பெறுதலும்

எல்லாக் கார்டையும் ஒரே வாரத்தில் கொடுத்தால் எல்லாம் ஒரே வாரத்தில் காலாவதியாகும். பிரிவு பிரிவாக இடைவெளி விட்டுக் கொடுங்கள். காலாவதித் தேதி மார்ச் கணக்கு முடிப்பிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்திலும் விழாதபடி பாருங்கள். ஆறு வாரம் முன்பிருந்தே ஊழியருக்கு நினைவூட்டல் போகட்டும்.

வேலையை விட்டுப் போகிறவரின் கடைசி நாள் படிவத்தில் கார்டுக்கு ஒரு வரி சேர்க்கச் சொல்லி மனிதவளப் பிரிவிடம் கேளுங்கள். அந்தக் கையெழுத்து இல்லாமல் கணக்கு முடிக்கக் கூடாது. திரும்பி வந்த கார்டின் சான்றிதழை ரத்து செய்துவிட்டு, சிப்பின் குறுக்கே கத்தரியால் வெட்டி, வெட்டிய தேதியைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.